மாடஸ்டிக்கு மூன்று படம், மூன்றிலும் மாடஸ்டி இல்லை

ஒரு காமிக்ஸ் 38 வருஷம் ஓடியது. 1963 மே மாதம் லண்டன் 'ஈவினிங் ஸ்டாண்டர்ட்' பத்திரிகையில் ஆரம்பித்து 2001 ஏப்ரலில் முடிந்தது. தொண்ணூற்றுச் சொச்சம் கதைகள். பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட தினசரி ஸ்ட்ரிப்கள். எழுதியவர் முதல் நாளிலிருந்து கடைசி நாள் வரை ஒரே ஆள், பீட்டர் ஓ'டானல். நாயகி மாடஸ்டி பிளைசி.

இதை வைத்துத் திரைக்கு மூன்று முயற்சிகள் நடந்தன. 1966-ல் ஒரு பெரிய சினிமா. 1982-ல் அமெரிக்க டிவிக்காக ஒரு பைலட். 2004-ல் நேராக டிவிடிக்கு வந்த ஒரு சின்னப் படம். மூன்றையும் பார்த்தாச்சு, ஒன்றுக்கு மேற்பட்ட தடவை. மூன்றுமே தேறவில்லை.

"ரசிகனுக்கு எந்தப் படம்தான் பிடிக்கும்?" என்று கேட்பீர்கள். நியாயமான கேள்விதான், பதிலுக்குப் பிறகு வருகிறேன். இந்தப் படங்களைத் திட்டுவது சுலபம், பல வருஷமா பல பேர் செஞ்சுக்கிட்டுத்தான் இருக்காங்க. ஏன் தேறவில்லை என்று உட்கார்ந்து பார்ப்பதுதான் சுவாரசியம். நடிகை சரியில்லை, பட்ஜெட் இல்லை, காலம் மாறிவிட்டது என்று வழக்கமாகச் சொல்லும் காரணங்கள் எதுவும் முழுசா ஒட்டவில்லை. என் கணக்கில் மூன்று பேரும் ஒரே வேலையைத்தான் செய்திருக்கிறார்கள். கதையைத் தாங்கி நிற்கும் தூண் எது என்று பார்க்காமல், அதையே உருவிவிட்டு மீதியை வைத்துப் படம் எடுத்திருக்கிறார்கள்.

முதலில், மாடஸ்டி யார்?

தமிழ் காமிக்ஸ் வாசகர்களுக்கு இந்த அறிமுகம் தேவையில்லை. 1984-ல் சிவகாசியிலிருந்து லயன் காமிக்ஸ் புறப்பட்டபோது முதல் இதழின் நாயகியே இவர்தான். 'இளவரசி' என்று இன்றும் செல்லமாகக் கூப்பிடுகிறவர்கள் இங்கே உண்டு. மற்றவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன்.

1942-ல் ஓ'டானல் பிரிட்டிஷ் ராணுவத்தின் சிக்னல் பிரிவில் ஒரு சிப்பாய். வட பாரசீகத்தில் முகாம். ஒருநாள் போரில் வீடிழந்த ஒரு சிறுமி தன்னந்தனியாக அந்தப் பக்கம் வருகிறாள். ஏழு வயசு இருக்கலாம். தலையில் ஒரு சின்ன மூட்டை. கழுத்தில் கயிறு கட்டி ஓர் ஆயுதம் தொங்குகிறது: மரத்துண்டில் ஆணியை வைத்துக் கம்பியால் இறுக்கிக் கட்டியது, அவளே செய்தது. சிப்பாய்கள் சாப்பாடு கொடுத்தார்கள். சாப்பிட்டு முடித்ததும் பாத்திரத்தைக் கழுவி வைத்தாள். கொஞ்சம் டின் உணவும் கொடுத்து அனுப்பினார்கள். ஒரு சிரிப்புச் சிரித்துவிட்டு நடந்து போய்விட்டாள், அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவள் என்ன ஆனாள் என்று யாருக்கும் தெரியாது. இருபது வருஷம் கழித்து 'ஆக்‌ஷன் கதைக்கு ஒரு பெண் நாயகி வேண்டும். அவளால் இதையெல்லாம் செய்ய முடியும் என்று வாசகன் நம்ப வேண்டும்' என்று யோசித்தபோது, ஓ'டானலுக்கு அந்தச் சிறுமி நினைவுக்கு வந்தாள்.

கதையில் அவள் கிரேக்க நாட்டு அகதி முகாமிலிருந்து தப்பி, மத்தியக் கிழக்கு முழுக்கக் கால்நடையாகச் சுற்றுகிற பெயரில்லாத குழந்தை. வழியில் லோப் என்ற வயதான அறிஞரைக் காப்பாற்றுகிறாள். அவர் பாடமும் பாஷைகளும் சொல்லிக்கொடுத்து, மாடஸ்டி என்று பெயரும் வைக்கிறார். மந்திரவாதி மெர்லினின் குரு பெயரான 'பிளைஸ்' என்பதை அவளே பின்னால் சேர்த்துக்கொள்கிறாள். டாஞ்சியரில் ஒரு குற்றக்கும்பலின் தலைமை அவள் கைக்கு வந்து, அது 'நெட்வொர்க்' என்ற சர்வதேச அமைப்பாக வளர்கிறது. போதைப்பொருள் கிடையாது, பெண்களை விற்பது கிடையாது, மற்றபடி எல்லாம் உண்டு. போதுமான பணம் சேர்ந்ததும் கடையை மூடிவிட்டு லண்டனில் குடியேறுகிறாள். அங்கே அவளுக்குச் செம போர். அப்போது பிரிட்டிஷ் உளவுத்துறையின் சர் ஜெரால்ட் டாரன்ட் வீடு தேடி வருகிறார். ஸ்ட்ரிப் ஆரம்பிப்பதே இங்கேதான்.

ஓவியர் ஜிம் ஹோல்டவே. கறுப்பு மையில் அந்த ஆள் போட்ட நிழல்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். 1970-ல் அவர் இறந்த பிறகு ஸ்பெயின்காரர் என்ரிக் ரொமேரோ வந்தார், நடுவில் வேறு சிலர் வரைந்தார்கள், மறுபடி ரொமேரோவே வந்து கடைசிவரை இருந்தார். கை மாறிக்கொண்டே இருந்தாலும் கதை சிதறவில்லை. காரணம், தூண் ஓவியத்தில் இல்லை.

தூண் எது?

வில்லி கார்வின். இன்னும் சரியாகச் சொன்னால், வில்லிக்கும் மாடஸ்டிக்கும் நடுவில் இருப்பது.

வில்லி சைகோனில் ஒரு சிறையில் கிடந்தவன். முரடன், யாரையும் நம்பாதவன். அவன் சண்டையிடுவதைப் பார்த்த மாடஸ்டி காசு கொடுத்து அவனை வெளியே எடுத்து ஒரு வேலையை ஒப்படைக்கிறாள். இவனால் முடியும் என்று ஒருத்தி நம்பியதே அவனுக்குப் புதுசு. அன்றிலிருந்து அவன் வேறு ஆள். அவளை 'பிரின்சஸ்' என்று கூப்பிடுவான். அப்படிக் கூப்பிட வேறு யாருக்கும் உரிமை இல்லை.

இருவரும் காதலர்கள் இல்லை. ஆகவும் மாட்டார்கள். அவளுக்கு வேறு ஆண்கள் உண்டு, அவனுக்கு வேறு பெண்கள் உண்டு, இருவருக்கும் அது தெரியும், அதில் பொறாமை இல்லை. 'கடைசியில் சேர்ந்துடுவாங்க பாரு' என்கிற எதிர்பார்ப்பை ஓ'டானல் ஒருதடவை கூடத் தூண்டிலில் மாட்டி ஆட்டவில்லை. 38 வருஷம் ஒரு ஆசிரியர் இந்த விதியை மீறாமல் இருந்தார் என்றால், இதை உடைத்தால் என்ன ஆகும் என்று அவருக்குத் தெரிந்திருந்தது என்றுதான் அர்த்தம்.

என்ன ஆகும்? ஆபத்தின் பொருளே மாறிவிடும். மாடஸ்டி கதைகளில் பதற்றம் எங்கிருந்து வருகிறது என்று கவனித்தால் இது புரியும். ஒரு அறைக்குள் இருவர் தனித்தனியாக மாட்டியிருப்பார்கள். பேச முடியாது. ஒருத்தர் திட்டத்தை இன்னொருத்தர் ஊகித்தாக வேண்டும். அவள் ஏன் சம்பந்தமில்லாமல் ஒரு வார்த்தை சொன்னாள், அவன் ஏன் இடது பக்கம் நகர்ந்தான் என்பதெல்லாம் அடுத்த கட்டத்தில்தான் நமக்கு விளங்கும். ஆபத்து நெருங்கினால் வில்லிக்குக் காது குறுகுறுக்கும். சிரிப்பான விஷயம்தான், ஆனால் மாடஸ்டி அதைச் சிரிக்காமல் எடுத்துக்கொள்வாள். எல்லாம் முடிந்த பிறகு, எதிரிகள் யாரும் மிச்சமில்லாத பிறகு, அவள் அழுவாள். வில்லி தோளில் சாய்ந்து கொஞ்ச நேரம். அவன் எதுவும் சொல்ல மாட்டான். அந்த அழுகையைப் பார்க்க அனுமதி உள்ளவன் அவன் ஒருத்தன்தான்.

இவர்களைக் காதலர்களாக மாற்றினால் இது வழக்கமான ஜோடி. வில்லியை எடுத்துவிட்டால் அவள் எல்லாம் தெரிந்த ஒரு சூப்பர் பெண், அவ்வளவே. இரண்டிலும் படிக்க ஒன்றும் மிச்சமிருக்காது.

இன்னொரு விஷயம், வடிவம். பத்திரிகை ஸ்ட்ரிப் என்றால் ஒரு நாளைக்குப் பெரும்பாலும் மூன்றே கட்டம். முதல் கட்டம் நேற்று விட்ட இடத்தை நினைவூட்ட வேண்டும், இரண்டாவது கதையை நகர்த்த வேண்டும், மூன்றாவது நாளைக்கு வாசகனை மறுபடி பேப்பர் வாங்க வைக்க வேண்டும். இப்படி ஒரு கதை நாலு மாசத்துக்குக் கிட்டப் போகும். இந்த நெருக்கடியில் 'நாங்கள் நல்ல நண்பர்கள்' என்று வசனம் பேச இடமே கிடையாது. அதனால் நட்பு முழுக்க வேலையில்தான் தெரியும். தினமும் துளித்துளியாக, வருஷக்கணக்கில் அது வாசகனுக்குள் சேர்ந்துவிடுகிறது. இரண்டு மணி நேரப் படத்துக்கு இந்தச் சேமிப்பு கிடையாது. கஷ்டம்தான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் கஷ்டமான இடம் எது என்று தெரிந்தால்தானே அங்கே வேலை செய்ய முடியும்?

1966: பாட்டுப் பாடும் மாடஸ்டி

இயக்குநர் ஜோசப் லோசி. சாதாரண ஆள் இல்லை. ஹாலிவுட்டின் கம்யூனிச வேட்டையில் கறுப்புப் பட்டியலில் சேர்க்கப்பட்டு இங்கிலாந்துக்கு வந்தவர். 'தி சர்வன்ட்' எடுத்தவர். மாடஸ்டியாக அன்டோனியோனியின் நாயகி மோனிகா விட்டி. வில்லியாக டெரன்ஸ் ஸ்டாம்ப். வில்லன் கேப்ரியலாக வெள்ளி முடியோடு டர்க் போகார்ட். இசை ஜான் டாங்க்வொர்த். படம் கான் விழாவின் போட்டிப் பிரிவுக்கே போனது. பணம் இல்லை, ஆள் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

முதல் திரைக்கதையை எழுதியவர் ஓ'டானலேதான். அதை எடுத்து அடித்துத் திருத்தித் திருத்தி எழுதினார்கள். திரைக்கு வந்தபோது அவர் எழுதியதில் கிட்டத்தட்ட எதுவும் மிஞ்சவில்லை. லோசிக்கு உளவாளிப் படங்களின் மேல் மரியாதை இல்லை. ஜேம்ஸ் பாண்ட் அலை உச்சத்தில் இருந்த நேரம், அதைக் கேலி செய்ய ஒரு சாக்கு வேண்டியிருந்தது. மாடஸ்டி கையில் கிடைத்தாள்.

இதில் ஒரு முரண் இருக்கிறது. ஓ'டானலுக்கு பாண்ட் அந்நியமில்லை. 1960-ல் 'டெய்லி எக்ஸ்பிரஸ்' பத்திரிகைக்காக 'டாக்டர் நோ' நாவலை ஸ்ட்ரிப்பாக மாற்றி எழுதியதே அவர்தான், படம் வருவதற்கு இரண்டு வருஷம் முன்பு. பாண்டில் என்ன இருக்கிறது, என்ன இல்லை என்று பக்கம் பக்கமாகப் பிரித்துப் பார்த்த ஒருவர், அதற்குப் பிறகு வேறு மாதிரியாகக் கட்டிய உலகம்தான் மாடஸ்டி. அதைப் போய் 'பெண் ஜேம்ஸ் பாண்ட்' என்று பெயர் வைத்து, பாண்டைக் கிண்டலடிக்கப் பயன்படுத்தினார்கள்.

படத்தில் என்ன இருக்கிறது? கண்ணைச் சுழற்றும் ஓவியம் தீட்டிய சிறை அறை. போகார்ட் கையில் குடை. தங்கமீன் மிதக்கும் பெரிய மதுக் கோப்பை. காட்சிக்குக் காட்சி உடையும் முடியும் மாறும் விட்டி, அதிலும் பெரும்பாலும் பொன்னிற முடி. பார்க்க அழகாகத்தான் இருக்கிறது, பொய் சொல்லவில்லை. ஆனால் படத்தின் நடுவில் மாடஸ்டியும் வில்லியும் திடீரென்று ஒரு டூயட் பாட ஆரம்பிக்கிறார்கள். இத்தனை நாள் ஏன் நமக்குத் தோணலை, கல்யாணம் பண்ணிக்கலாமே என்ற ரீதியில். நம்ம ஊர்ப் படமாக இருந்தால் டூயட் என்று விட்டுவிடலாம். இங்கே அது ஒரு கேலி: 'இந்த இருவரும் சேராமல் இருப்பது எவ்வளவு செயற்கை பாருங்கள்' என்கிற கேலி. தூணைப் பார்த்துச் சிரித்துவிட்டு, அதைத் தட்டிவிட்டுப் போகிற வேலை.

அந்தக் காலப் பாணியே அப்படி, அறுபதுகளில் எல்லாமே பளபளப்புத்தான் என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். அது சரியில்லை. இரண்டே வருஷம் கழித்து, 1968-ல், இத்தாலியில் மாரியோ பாவா 'டையபாலிக்' காமிக்ஸைப் படமாக்கினார். அதே பளபளப்பு, அதே வண்ணம், அதே விசித்திர செட்டுகள். சிரிப்பும் உண்டு. ஆனால் அந்தக் காமிக்ஸின் உயிர், திருடன் டையபாலிக்குக்கும் அவன் காதலி ஈவாவுக்கும் நடுவில் இருக்கும் பைத்தியக்காரத்தனமான விசுவாசம். பாவா அதை ஒரு இடத்திலும் கேலி செய்யவில்லை. மற்ற எல்லாவற்றோடும் விளையாடினார், அதைத் தொடவில்லை. இன்றைக்கும் அந்தப் படம் நிற்கிறது. ஆக, பிரச்சினை பாணியில் இல்லை.

லோசி படத்தால் ஒரே ஒரு நன்மை நடந்தது. தன் திரைக்கதையைச் சிதைத்துவிட்டார்கள் என்று ஓ'டானல் மூலையில் உட்காரவில்லை. அதை நாவலாக எழுதி, படம் வருவதற்கு முந்தின வருஷமே, 1965-ல் வெளியிட்டுவிட்டார். அது ஓடிய ஓட்டத்தில் மொத்தம் 11 நாவல்களும் இரண்டு சிறுகதைத் தொகுப்புகளும் வந்தன. எடுக்கப்படாத அந்தப் படத்தைப் பார்க்க ஆசையா? முதல் நாவலைப் படியுங்கள்.

அதன் ஆரம்பத்தை மட்டும் சொல்கிறேன். டாரன்டுக்கு மாடஸ்டியின் உதவி வேண்டும். அவளை மிரட்ட ஆதாரம் கையில் இருக்கிறது. மிரட்டவில்லை. வில்லி தென்னமெரிக்காவில் ஒரு சிறையில் சாவுக்குக் காத்திருக்கிறான் என்ற தகவலை நிபந்தனை எதுவுமில்லாமல் அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறார். மிரட்டினால் அவள் எதிர்ப்பாள், கடன்பட்டால் திருப்பிக் கொடுக்காமல் இருக்க மாட்டாள் என்று அந்தக் கிழவருக்குத் தெரியும். அவள் தனியாகப் போய் அவனை மீட்கிறாள். வில்லியோ உள்ளே தப்பிக்கக்கூட முயற்சி செய்யாமல் கிடக்கிறான். அவள் ஓய்வு பெற்ற பிறகு அவனுக்கு எதிலும் பிடிப்பில்லை. நட்பு என்ற வார்த்தையே வராமல், சில பக்கங்களில் மொத்தத்தையும் சொல்லியாச்சு. இரண்டு மணி நேரப் படத்தில் அந்தச் சேமிப்பை எப்படிக் கொண்டுவருவது என்று மேலே கேட்டேனே, பதில் இங்கே இருக்கிறது. படம் எடுத்தவர்கள் மேஜையிலேயே இருந்தது.

1982: ஊரை மாற்றியவர்கள்

இரண்டாவது முயற்சி அமெரிக்காவின் ஏபிசி டிவிக்கு. ஒரு மணி நேர பைலட். ஆன் டர்க்கல் மாடஸ்டி, லூயிஸ் வான் பெர்கன் வில்லி. தொடராகப் போகவில்லை.

இதில் கதையை லண்டனிலிருந்து ஹாலிவுட் பக்கம் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். வில்லி அமெரிக்கனாகிவிட்டான். 'அதனால் என்ன, ஊர்தானே?' என்று தோன்றலாம். மாடஸ்டி விஷயத்தில் ஊர் பெரிய சமாச்சாரம். நாடே இல்லாத ஒரு அகதிக் குழந்தை, ஏற்பாட்டுக் கல்யாணம் ஒன்றைச் செய்து பிரிட்டிஷ் குடியுரிமை வாங்கிக்கொண்டு, ஹைட் பார்க்கைப் பார்த்த மாதிரி வீடு கட்டிக்கொண்டிருக்கிறாள். வில்லி லண்டன் கிழக்குப் பக்கத்துத் தெருவில் வளர்ந்தவன், பேச்சைக் கேட்டாலே தெரியும். டாரன்ட் மேட்டுக்குடி. இந்த மூன்று பேரும் ஒரே மேஜையில் சமமாக உட்கார்ந்து சாப்பிடுவதே அந்த நாட்டில் ஒரு செய்தி. அவளுக்கு மேலே யாருமில்லை, அவனுக்கு அவளைத் தவிர யாருமில்லை, இருவருக்கும் பிறவியில் கிடைத்த இடம் எதுவுமில்லை. அதனால்தான் அந்த விசுவாசத்துக்கு அவ்வளவு எடை. இருவரையும் வெயிலடிக்கும் கலிஃபோர்னியாவில் கொண்டுபோய் விட்டால், அந்தக் காலத்து அமெரிக்க டிவியில் வாராவாரம் துப்பறிந்த ஜோடிகளில் இன்னொரு ஜோடி. பெயரை மாற்றினால் யாருக்கும் வித்தியாசம் தெரியாது.

இந்தத் தடவை தூணை இடிக்கவில்லை. அது ஊன்றியிருந்த மண்ணை எடுத்துவிட்டார்கள்.

2004: உரிமை காலாவதியாகாமல் இருக்க ஒரு படம்

மூன்றாவதுக்குப் போகும் முன் ஒரு நல்ல செய்தி. 1994-ல் 'பல்ப் ஃபிக்‌ஷன்' படத்தில் ஜான் டிரவோல்டா கழிவறையில் உட்கார்ந்து ஒரு புத்தகம் படிப்பார், ஞாபகம் இருக்கா? அது மாடஸ்டியின் முதல் நாவல். குவென்டின் டாரன்டினோ இந்தக் கதைகளின் ரசிகர். அவரே ஒருநாள் இயக்கலாம் என்ற பேச்சு ரொம்ப நாள் இருந்தது. ரசிகர்கள் காத்திருந்தார்கள்.

வந்தது 'மை நேம் இஸ் மாடஸ்டி'. டாரன்டினோ வழங்கும் என்று பெயர் மட்டும் இருந்தது. இயக்குநர் ஸ்காட் ஸ்பீகல். ருமேனியாவின் புகாரெஸ்டில் 18 நாளில் எடுத்தார்கள். மிராமாக்ஸ் கையில் இருந்த திரைப்பட உரிமை நழுவிவிடக் கூடாது என்பதற்காக அவசரமாக எடுத்தது என்பது எல்லோருக்கும் தெரிந்த கதை. சினிமா உரிமையில் இப்படி ஒரு ஏற்பாடு உண்டு. குறிப்பிட்ட காலத்துக்குள் படம் எடுக்காவிட்டால் உரிமை எழுத்தாளருக்கே திரும்பிவிடும். எடுத்தால் நீடிக்கும். நல்ல படமா என்பது ஒப்பந்தத்தில் வராது.

இருந்தும் மூன்றில் இதுதான் மரியாதையான படம். ஓ'டானலின் ஆலோசனையும் இருந்தது. மாடஸ்டியாக அலெக்ஸாண்ட்ரா ஸ்டேடன், மெலிந்த உருவம், நிதானமான பார்வை. டாஞ்சியரின் ஒரு சூதாட்ட விடுதியைக் கொள்ளைக் கும்பல் பிடித்துக்கொள்கிறது. தலைவனாக நிக்கோலாய் கோஸ்டர்-வால்டாவ், பின்னாளில் 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' ஜெய்மி. மாடஸ்டி அவனோடு ரூலெட் ஆடிக்கொண்டே தன் பழைய கதையைச் சொல்லி நேரத்தைக் கடத்துகிறாள். பட்ஜெட் இல்லாததால் முக்கால்வாசிப் படம் ஒரே கட்டடத்துக்குள். அதனாலேயே கொஞ்சம் ஸ்ட்ரிப்பின் இறுக்கம் வந்துவிட்டது. யாரும் யாரையும் கேலி செய்யவில்லை. சின்ன வயசு மாடஸ்டியும் லோப்பும் வரும் பகுதிகளில் அந்தப் பாரசீகத்துச் சிறுமியின் சாயல் எட்டிப் பார்க்கிறது.

ஆனால் வில்லி இல்லை! அவள் அவனைச் சந்திப்பதற்கு முந்தைய காலக் கதை என்பதால் அவனுக்கு இடமே இல்லை. முதல் பாகத்தில் பின்கதை, அடுத்ததில் வில்லி என்று நினைத்திருக்கலாம். அடுத்தது வரவே இல்லை. 'ஆரம்பம் எப்படி?' என்று மட்டும் சொல்லிவிட்டு நிற்கும் ஒரு படம் மிச்சம். ஸ்ட்ரிப்பில் ஓ'டானல் இந்தப் பின்கதையை முதல் நாளே சொல்லவில்லை என்பதையும் கவனிக்கணும். முதலில் இந்த இருவரையும் வேலை செய்யவிட்டார். இவர்கள் யார் என்று வாசகனுக்கு ஆவல் வந்த பிறகு, 1966-ல்தான் ஒரு சின்னத் தொகுப்பாக ஆரம்பத்தை எழுதினார்.

'ரசிகனுக்கு எதுதான் பிடிக்கும்?'

இப்போது அந்தக் கேள்விக்கு வருவோம். காமிக்ஸை வரிக்கு வரி அப்படியே எடுக்கணும் என்று எந்தப் புத்திசாலி ரசிகனும் கேட்க மாட்டான். படம் வேறு சாதனம். மாற்றித்தான் ஆகணும்.

இன்னொரு பிரிட்டிஷ் காமிக்ஸைப் பாருங்கள், 'ஜட்ஜ் டிரெட்'. அதில் ஒரே ஒரு விதி: டிரெட்டின் முகத்தை வாசகனுக்குக் காட்டக் கூடாது. ஹெல்மெட் கழலாது. அவன் ஒரு மனிதன் இல்லை, சட்டம் என்பதுதான் அதன் பொருள். 1995-ல் சில்வெஸ்டர் ஸ்டாலோன் நடித்தார். உடை, வண்டி, நகரம் எல்லாம் காமிக்ஸ் மாதிரியே. ஆனால் நட்சத்திரத்தின் முகம் தெரிய வேண்டாமா? ஹெல்மெட் கழன்றது, படமும் போச்சு. 2012-ல் கார்ல் அர்பன் நடித்தார். உடை மாறியிருந்தது, நகரம் மாறியிருந்தது, கதை பெரும்பாலும் ஒரே கட்டடத்துக்குள். ஆனால் கடைசிவரை ஹெல்மெட் கழலவில்லை. ரசிகர்கள் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடினார்கள், இன்னும் அடுத்த பாகம் கேட்கிறார்கள். நூறு விஷயத்தை மாற்றியதை மன்னித்தவர்கள், ஒரு விஷயத்தை மாற்றியதை மன்னிக்கவில்லை. அந்த ஒன்று எது என்று தெரிந்த ரசிகனிடம் போய்க் கேட்டிருந்தால் டீ குடிக்கும் நேரத்தில் சொல்லியிருப்பான்.

மாடஸ்டிக்கும் இப்படி ஒரு நல்ல உதாரணம் இருக்கிறது, ஆனால் திரையில் இல்லை. 2012 டிசம்பரில் பிபிசி ரேடியோ 4 'எ டேஸ்ட் ஃபார் டெத்' நாவலை நாடகமாக்கியது. நாளைக்குப் பதினைந்து நிமிஷம், ஐந்து பகுதி. டாப்னி அலெக்ஸாண்டர் மாடஸ்டி, நீல் மாஸ்கெல் வில்லி. படமே கிடையாது, வெறும் குரல். பளபளப்பான உடை, சண்டை, அழகி, எதையும் காட்ட முடியாது. காட்ட முடியாததால் மிச்சமிருந்தது இருவர் பேசிக்கொள்ளும் தொனி மட்டும்தான். தினமும் ஒரு துண்டு, நாளைக்கு மீதி என்று பத்திரிகை ஸ்ட்ரிப்பின் கணக்கும் தானாக அமைந்துவிட்டது. கோடிகள் போட்ட படத்தை விட இதில்தான் மாடஸ்டி இருந்தாள்.

இதற்கு ஏன் இவ்வளவு கோபம்?

படம் பிடிக்கலைன்னா பார்க்காம விடு, புத்தகம் அப்படியேதானே இருக்கு என்பார்கள். புத்தகம் இருக்கிறது, உண்மை. ஆனால் ஒரு பெயரைக் கேட்டதும் உலகத்துக்கு என்ன நினைவுக்கு வருகிறது என்பதைப் படம்தான் முடிவு செய்கிறது. மாடஸ்டி பிளைசி என்று தேடுங்கள், குடையும் தங்கமீனும் பொன்னிற முடியும் முதலில் வரும். 'ஓ, அந்த அறுபதுகளின் கோமாளிப் படம்' என்று கடந்துபோகிறவர், கழுத்தில் ஆணிக்கட்டை தொங்கவிட்டுத் தனியாக நடந்துபோன சிறுமியைச் சந்திக்கவே போவதில்லை. தோற்ற படம் அடுத்த படத்துக்கான வழியையும் அடைக்கிறது. 'ஏற்கெனவே எடுத்து ஓடவில்லையே' என்பது தயாரிப்பாளருக்குப் போதுமான காரணம். ஓடாதது மாடஸ்டி இல்லை என்று யார் போய்ச் சொல்வது?

ஓ'டானல் இந்த விஷயத்தில் தெளிவாக இருந்தார். தனக்குப் பிறகு வேறு யாரும் மாடஸ்டி கதை எழுதக் கூடாது என்று சொல்லிவிட்டார். 1996-ல் வந்த 'கோப்ரா டிராப்' தொகுப்பின் கடைசிக் கதையில் இருவரின் முடிவையும் தன் கையாலேயே எழுதினார். 2001-ல் ஸ்ட்ரிப்பை நிறுத்தினார். 2010-ல் தன் 90-வது வயதில் இறந்தார். திரையைத் தன் கட்டுப்பாட்டில் வைத்திருக்க அவரால் முடியவில்லை. காகிதத்தைக் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை.

புதிதாக ஆரம்பிக்கிறவர்களுக்கு: டைட்டன் புக்ஸ் 2004 முதல் 2017 வரை மொத்த ஸ்ட்ரிப்பையும் 30 தொகுதிகளாகப் போட்டுவிட்டது. முதல் தொகுதியில் ஹோல்டவே வரைந்த 'லா மெஷின்' இருக்கிறது, அங்கிருந்து தொடங்குங்கள். நாவல் வேண்டும் என்றால் 1965-ல் வந்த முதல் நாவல். படங்களைப் பார்த்தே ஆகணும் என்றால் கடைசியில் பாருங்கள். அதற்குள் வில்லி உங்களுக்குப் பழக்கமாகியிருப்பான். திரையில் எது இல்லை என்று யாரும் சொல்லாமலே தெரியும்.